கடற்கரை வீட்டுக்கு ஒரு பிள்ளைச் சுவர்ப்பை

எங்கள் ஊரான மாம்புரியில் பிள்ளைக்கென்று தனி அறை கட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை. தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில், வளையில் பழைய சாறியோ சாரமோ கட்டி ஏணை தொங்கும். அந்த மூலைதான் பிள்ளையின் அறை. அலுமாரி இருந்தாலும் அதில் பெரியவர்களின் உடுப்புக்கே இடம் போதாது. அதனால் நேப்பி கட்டில் நுனியில் ஒரு குவியலாகக் கிடக்கும், சவர்க்காரம் யன்னல் ஓரத்தில் இருக்கும், துவாய் கதிரையில் தொங்கும், கிளினிக் கார்டைத் தேடி வீடே புரளும். என் தங்கச்சிக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுடைய அந்த மூலைக்காக, பிள்ளையின் சாமான் முழுவதும் ஓரிடத்தில் இருக்கும்படி பொக்கெட் வைத்த ஒரு சுவர்ப்பை தைத்து முடித்திருக்கிறேன். அதை எப்படித் தைத்தேன், ஏன் அப்படித் தைத்தேன் என்று கேட்டவர்களுக்காக விபரமாக எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினால் வருகிற படங்களில் வெள்ளை நிற மரத் தொட்டில் இருக்கும். அதன் கம்பியில் பொக்கெட் வரிசை கட்டியிருப்பார்கள். தரையில் வாய் திறந்த துணிக்கூடை. பார்க்க அழகுதான். யன்னலைப் பூட்டிக்கொண்டு வாழ்கிற வீடுகளுக்கு அது பொருந்தும். எங்கள் ஊரில் யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மணல். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் ஒடுங்கலான மணல் நிலம். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் காற்று ஓயாது. அந்தக் காற்றை நம்பித்தான் 2010இல் மாம்புரியில் 10 மெகாவாட் காற்றாலைகள் நின்றன. அதே மாதங்களில்தான் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்க வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கோ அந்தக் காற்று பெரிய வேலை வைக்கும். கொடியில் காய்ந்த நேப்பியை எடுத்து உதறி மடித்து வைத்தாலும், ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டால் மணல் நெருடும். பிறந்த பிள்ளையின் தொடை இடுக்கில் அந்த மணல் உரசினால் தோல் சிவந்துவிடும். மணலோடு உப்பும் வருகிறது. உப்புப் படிந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் நன்றாகக் காய்ந்த துணியும் இரவில் தொட்டால் சில்லென்று இருக்கிறது. பக்கத்தில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. காற்றுக் காலத்தில் கரித்தூசி பற்றிய கவலை இந்தச் சுற்றுவட்டாரத்துக்குப் புதிதில்லை.

ஆகவே நான் முதலில் முடிவு செய்தது மூடியைத்தான். பொக்கெட் எத்தனை, என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு.

பழைய வீடுகளில் பிள்ளையின் துணி மூடி போட்ட பனையோலைப் பெட்டியில் இருந்தது. கற்பிட்டிப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. ஓலைப் பின்னலுக்குள் காற்று போய்வரும், மணல் போகாது. எறும்பு ஏறினாலும் மூடியைத் திறந்ததும் கண்ணில் படும். அந்தப் பெட்டியைப் பின்னுகிற கைகள் குறைந்துவிட்டன. ஆனால் அதில் இருந்த யோசனை இன்றைக்கும் சரி: மூடியும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியில் மூடி உண்டு, காற்றில்லை. கொஞ்சம் ஈரமாக வைத்துவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சண வாடை. திறந்த துணிக்கூடையில் காற்று உண்டு, மூடியில்லை.

பை தரையில் நிற்கக் கூடாது, தொங்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பெரியும்மா என்று கூப்பிடுகிற ஒரு தாய். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அன்று ஊரை விட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தங்கியது எங்கள் புத்தளம் மாவட்டத்தில்தான். பெரியும்மா வந்தபோது கையில் பிள்ளை. கிடுகுக் கொட்டிலில் அலுமாரிக்கு எங்கே போவது? பழைய சாரம் ஒன்றை மடித்து, இரண்டு பக்கமும் ஊசியால் தைத்து, வளையில் தொங்கவிட்டு, அதற்குள் பிள்ளையின் துணியை வைத்திருக்கிறார். “நிலத்துல வெச்சா எறும்பு, மழ வந்தா தண்ணி. தொங்கினாத்தான் காயும் மகள்” என்றார். நான் தைத்த பையின் அடிப்படை அவருடைய அந்தச் சாரப் பைதான். பொக்கெட்டும், மூடியாகத் தொங்கும் முன்திரையும் மட்டும் நான் சேர்த்தது.

இனித் துணி. புதுத்துணி வாங்க அவசியமே இல்லை. அம்மம்மா காலத்தில் கோதுமை மா வந்த பருத்திப் பையைப் பிரித்து, அவித்துத் துவைத்து, அதில் நேப்பி வெட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1930களின் பஞ்ச காலத்தில் மா மூட்டைத் துணியில் பெண்கள் உடுப்புத் தைக்கிறார்கள் என்று கண்ட கம்பனிகள், மூட்டையிலேயே பூப்போட்டு அச்சடித்து விற்றன. ஆக, பழைய துணியில் பிள்ளைக்குத் தைப்பது வறுமையின் அடையாளம் என்று யாரும் கூச வேண்டாம். பல தடவை துவைத்த பருத்தியைப் போல் மென்மையான துணி எந்தக் கடையிலும் கிடையாது.

எங்களுக்கு இன்னொரு வசதி, கட்பீஸ். 1978இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் பிரேமதாச அரசாங்கம் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியதும் கார்மெண்ட் வேலை கிராமங்கள் வரை வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற உடுப்பில் மிஞ்சும் துணி கிலோக் கணக்கில் உள்ளூர்ச் சந்தைக்கு வருகிறது. புறக்கோட்டையில் தேடினால் நல்ல ட்ரில் துணி, மெல்லிய டெனிம், பொப்லின் எல்லாம் அகப்படும். பின்பலகைபோல் விறைப்பாக நிற்க வேண்டிய பகுதிக்கு ட்ரில் அல்லது மெல்லிய கன்வஸ். பொக்கெட்டுக்கு பொப்லின் அல்லது பழைய சாரம். முன்திரைக்கு நைந்த வொயில் சாறி. நான் இந்த மூன்றையும் வைத்துத்தான் தைத்தேன். வெட்டுவதற்கு முன்னால் எல்லாத் துணியையும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட வேண்டும். ட்ரில் சுருங்கும், சாரம் ஏற்கெனவே சுருங்கி முடிந்திருக்கும். துவைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே பை இழுபட்டுக் கோணிவிடும். டெனிம் என்றால் அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். நீலம் வெள்ளை நேப்பியில் ஏறினால் போகாது.

அளவுகளை இஞ்சிக் கணக்கில் தருகிறேன். தைத்து முடிந்த பை 24 இஞ்சி அகலம், 36 இஞ்சி நீளம். பின்துணிக்கு 25 இஞ்சி அகலத்தில் 39 இஞ்சி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். இரண்டு மடிப்பாக இருந்தால்தான் பாரத்துக்குத் தொய்யாது. மேல் விளிம்பைப் பின்னால் மடித்துத் தைத்து, தடி போகிற அளவுக்கு 2 இஞ்சிக் குழாய் ஒன்று விடுங்கள்.

பொக்கெட் மூன்று வரிசை. தட்டையாகத் தைத்தால் நாலு நேப்பிக்கு மேல் நுழையாது, அதனால் பக்கமடிப்பு வேண்டும். ஒவ்வொரு பொக்கெட்டும் முடிவில் 8 இஞ்சி அகலம். இரு பக்கமும் ஒரு இஞ்சி ஆழ மடிப்பு. ஒரு மடிப்பு 2 இஞ்சித் துணியை எடுக்கும் என்பதால் பொக்கெட் ஒன்றுக்கு 12 இஞ்சி தேவை. வரிசைக்கு மூன்று பொக்கெட். 36 இஞ்சியோடு தையலுக்கு ஒன்று சேர்த்து 37 இஞ்சி நீளப் பட்டி ஒன்று வெட்டினால் சரி. மேல் வரிசை 6 இஞ்சி ஆழம், நடு வரிசை 9, கீழ் வரிசை 10. வெட்டும்போது ஒவ்வொன்றுக்கும் 2 இஞ்சி கூட்டி வெட்டி, வாயை இரட்டையாக மடித்துத் தையுங்கள். கை அடிக்கடி போய்வருகிற இடம் அது, முதலில் கிழிவதும் அங்கேதான். ஒரு வரிசையின் அடிக்கும் அடுத்த வரிசையின் வாய்க்கும் நடுவே 3 இஞ்சி இடைவெளி விடுங்கள். இடைவெளி குறைந்தால் கை நுழையாது.

பொக்கெட்டுகளைப் பிரிக்கிற நெடுந்தையலின் மேல் நுனியில் மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். துணி நாலைந்து மடிப்பாகச் சேருகிற இடத்தில் மெல்லிய ஊசி முறியும், 16ஆம் நம்பர் போடுங்கள். கைமெசின் தாராளமாகப் போதும். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். தவணைக்கு மெசின் விற்கிற வழக்கத்தை 1850களிலேயே அமெரிக்காவில் கொண்டுவந்த கம்பனி அது. மொத்தப் பணம் கையில் இல்லாத வீடுகளுக்கும் தையல் மெசின் போய்ச் சேர்ந்ததற்கு அந்தத் தவணை ஒரு பெரிய காரணம். எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் பழைய கைமெசின். கடற்கரை வீட்டில் மெசினுக்கு எண்ணெய் விட்டு, தடித்த துணியால் மூடி வைத்தால் தலைமுறைக்கு உழைக்கும்.

கீழ் வரிசையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். பொக்கெட்டின் இரண்டு அடி மூலையிலும் கால் இஞ்சி தைக்காமல் விட்டேன். எவ்வளவு மூடினாலும் கொஞ்சம் மணல் வரும். வந்த மணல் தேங்காமல் அந்த ஓட்டையால் கொட்டிவிடும். சவர்க்காரமும் பஞ்சும் வைக்கிற மேல் பொக்கெட்டைப் பழைய நுளம்பு வலையில் தைத்தேன். ஈரம் நிற்காது, உள்ளே இருப்பதும் தெரியும். முன்திரையைத் தடிக்குழாயின் தையலோடு சேர்த்துப் பிடித்து, பையைவிட இரண்டு இஞ்சி நீளமாக விட்டு, கீழ் விளிம்பில் பட்டையாக ஒரு மடிப்பு வைத்தேன். அந்த மடிப்பின் பாரத்தால் திரை காற்றில் மேலே பறக்காது. வேலை இருக்கும்போது திரையைத் தூக்கித் தடியின் மேலாகப் போட்டுவிடலாம்.

உலோகம் வேண்டவே வேண்டாம். கடைகளில் விற்கிற பைகளில் வளையமும் அழுத்துப் பொத்தானும் இருக்கும். எங்கள் காற்றில் அவை ஒரு பருவம் தாங்காது. துருக்கறை வெள்ளைத் துணியில் இறங்கினால் அதோடு அந்தத் துணி சரி. தடிக்கு மூங்கில் அல்லது பி.வி.சி. குழாய், தொங்கவிடத் தடித்த நாடா, நூல் பொலியெஸ்டர். சுவரில் அடிக்கிற ஆணிக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு துண்டுத் துணி சுற்றுங்கள்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் என் கவலை முழுவதும். ஏணையிலோ தொட்டில் கம்பியிலோ இதைக் கட்டாதீர்கள். நாலு மாதப் பிள்ளை கைக்கு எட்டியதை இழுக்கும், ஆறு மாதத்தில் வாயில் வைக்கும். தொங்கும் நாடா கழுத்தில் சுற்றலாம், பொக்கெட்டிலிருந்து துணி முகத்தில் விழலாம். பிள்ளை தூங்குகிற இடத்தில் தலையணை, மெத்தைபோன்ற ஓரத்தடுப்பு, தொங்கும் சாமான் எதுவும் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தொட்டிலைச் சுற்றிக் கட்டுகிற அந்தப் பஞ்சு ஓரத்தடுப்பை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்தது. இங்கே அதைப் பரிசாக வாங்கிக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பை சுவரில் இருக்கட்டும், ஏணை ஆடினாலும் தொடாத தூரத்தில். நாடாவின் மிச்சம் ஒரு சாணுக்கு மேல் தொங்க வேண்டாம், வெட்டிவிடுங்கள்.

உயரத்தைத் தாயை வைத்து அளக்க வேண்டும். தங்கச்சியைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, அவளுடைய தோளுக்கு நேரே நடு வரிசை வரும்படி பென்சிலால் கோடு போட்டேன். ஒப்பரேஷன் செய்து பெற்றவளுக்கு முதல் வாரங்களில் குனிவதும் எழும்புவதும் எவ்வளவு வேதனை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லாச்சியைக் குனிந்து இழுக்க வேண்டாம், அலுமாரியைத் திறக்க எழும்ப வேண்டாம். மடியில் பிள்ளை இருக்க, ஒற்றைக் கையால் ஒரு நேப்பி எடுக்க முடிய வேண்டும். இந்தப் பை பிள்ளையின் பெயரில் தைத்தது, ஆனால் இதைப் பயன்படுத்தப் போகிறவள் பெற்றவள். அவளுடைய உடம்புக்குச் சரிவராத அழகு எனக்குத் தேவையில்லை.

இருட்டுக்கும் யோசித்தேன். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. காற்றாலையும் அனல்மின் நிலையமும் பக்கத்திலிருந்த எங்களுக்கும் அதே இருட்டுத்தான். அந்த வருடம் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நேப்பி மாற்றினார்கள். ரூபாய் விழுந்து பம்பஸ் விலை எட்டாமல் போனதும் துணி நேப்பி பல வீடுகளுக்குத் திரும்பி வந்தது. அதை நினைத்து, நேப்பிப் பொக்கெட்டின் வாயில் வரி வரியான கோர்ட்ரோய் துண்டு ஒன்றைத் தைத்தேன். உடுப்புப் பொக்கெட்டில் ஒரு ரேந்தை. துவாய்ப் பொக்கெட்டில் ஒன்றுமில்லை. கண் திறக்காமலே விரல் சொல்லிவிடும். மேல் வரிசையின் ஓரப் பொக்கெட் கிளினிக் கார்டுக்கு மட்டும். பிள்ளையின் நிறையும் தடுப்பூசியும் பதிகிற அந்தக் கார்டை மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும்போதும் கேட்பார், பிற்காலத்தில் பாடசாலையில் சேர்க்கும்போதும் கேட்பார்கள். அந்தப் பொக்கெட்டில் வேறெதையும் வைக்க விடாதீர்கள்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து வேகமாக வாசித்துக் கடந்துவிடாதீர்கள். துணிப் பைக்குள் பூச்சி உருண்டை போடக் கூடாது. அலுமாரியில் பூச்சி உருண்டையோடு கிடந்த பழைய பிள்ளை உடுப்பை எடுத்து நேரே பிள்ளைக்குப் போடவும் கூடாது. நப்தலீன் என்கிற அந்த மருந்தின் ஆவி பிள்ளையின் உடம்புக்குள் போனால், சில பிள்ளைகளின் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையையே பாதிக்கலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து பெரிது. மலேரியா நீண்ட காலம் இருந்த இடங்களில் அந்தக் குறைபாடு பரம்பரையாகக் கூடுதலாகக் காணப்படுகிறது. இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல்தான். புத்தளம் மாவட்டமும் அந்தக் காய்ச்சலை நன்றாக அறிந்த மண். பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா இல்லையா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உருண்டை வாசம் ஏறிய துணி கைவசம் இருந்தால் பல தடவை துவைத்து, வாசம் முழுதாகப் போகும்வரை வெயிலில் போட்டுவிட்டுத்தான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். எனக்கு அதுவும் மனம் வராது, வேறு துணி எடுப்பேன். பூச்சிக்கு எங்கள் வெயிலே போதும்: வாரம் ஒரு தடவை பையைக் கழற்றி, உதறி, மத்தியான வெயிலில் பின்பக்கம் வெளியே தெரியப் போடுங்கள்.

பிள்ளை பிறக்கும் முன் எதுவும் தைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தரிக்கோலைத் தொடக் கூடாது என்று சொல்கிற அதே அம்மாதான் சொன்னவர். அம்மாவின் பயம் எனக்கு விளங்கும். தங்கச்சி வருடக்கணக்காகக் காத்திருந்தவள். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய், பிள்ளை வரம் கேட்டு வருகிற கூட்டத்தோடு கூட்டமாக மெழுகுதிரி ஏற்றி வந்தவள். அப்படிக் கிடைத்த பிள்ளைக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்றுதான் அம்மா நினைக்கிறார். பிள்ளைக்கு உடுப்புத் தைக்கவில்லை, தாய்க்கு ஒரு பை தைக்கிறேன் என்று சொன்னேன். அம்மா சம்மதித்தது மட்டுமில்லை, முன்திரைக்குத் தன் வொயில் சாறியைத் தானே எடுத்துத் தந்தார். ஆனால் நேப்பி வெட்டித் தைப்பது பிள்ளை பிறந்த பிறகுதான் என்பது அவருடைய உத்தரவு. அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறேன். இப்போதைக்கு அந்தப் பொக்கெட்டுகளில் துவைத்து மடித்த பழைய பருத்தித் துண்டுகள்தான் இருக்கின்றன.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பளபளப்புத் தாளில் சுற்றிய பவுடர்ப் பெட்டியை அந்த வீட்டுக்குப் பத்துப் பேர் கொண்டுபோவார்கள். நீங்கள் இரண்டு யார் கட்பீஸ் வாங்கி, பழைய சாறி ஒன்றைத் துவைத்து எடுத்து, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே இந்தப் பையைத் தைத்துக்கொண்டு போய், சுவரில் நீங்களே மாட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மெசின் இல்லாவிட்டால் கைத்தையல் போடுங்கள், பெரியும்மாவின் சாரப் பை கைத்தையல்தான். போகும்போது அந்த வீட்டு அலுமாரியில் பூச்சி உருண்டை இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.